டக்டக்டக்

விடுதி வாசலில் தொங்கிய வெப்பமானி காலை ஆறரை மணிக்கு மைனஸ் 9 காட்டியது. முந்தின நாள் மாலை நாங்கள் மலையேறி வந்து சேர்ந்தபோது அதே வெப்பமானியில் 4 டிகிரி இருந்தது. காரின் கண்ணாடி முழுக்க உறைபனி. நகத்தால் கீறினால் சர்க்கரைபோல உதிர்ந்தது.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டக்டக்டக்டக். அவ்வளவுதான். ஒவ்வொரு ‘டக்’குக்கும் டாஷ்போர்டு விளக்குகள் கண் சிமிட்டின. மறுபடியும் திருப்பினேன். ஆறாவது முறை என் மனைவி, “அது சொல்வதைக் கேட்காமல் நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றாள். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அன்று காலை அங்கே பேசப்பட்டதில் உருப்படியான முதல் வாக்கியம் அதுதான்.

என் தீர்ப்பு முன்பே தயாராக இருந்தது: குளிரில் பேட்டரி செத்துவிட்டது. பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வினை. குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரிகூட ஏறக்குறையப் பாதி வலுவைத்தான் தரும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் தேன்போலக் கெட்டியாவதால், இன்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் வலு வேண்டும். வரவு குறையும் நேரம் பார்த்துச் செலவு கூடுகிற கதை. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்கிற மிதப்பில் டிக்கியிலிருந்து, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்க உதவும் ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஒரே வண்டியை நோக்கி ஓடினேன். அது ஒரு லாரி.

தலையில் மஃப்ளர் சுற்றியிருந்த பெரியவர் கேபிளைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். “தம்பி, என்னுடையது 24 வோல்ட். உங்களுடையது 12. இரண்டையும் சேர்த்தால் உங்கள் காரில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் போய்விடும்.”

கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கேபிளைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவரே இறங்கி வந்தார்.

முதலில் கேட்டது, என்ன சத்தம் வருகிறது என்பது. ஒரே ஒரு ‘டக்’ வந்து அடங்கிவிட்டால், இன்ஜினை முதலில் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகப்பட வேண்டுமாம். வரிசையாக டக்டக் என்றால் மின்சாரம் போதவில்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரேயடியாக அணைந்துபோனது.

“செத்த பேட்டரியில் இவ்வளவு வெளிச்சம் வராது. பானெட்டைத் திறங்கள்.”

பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்தார். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறையக்கூடும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கலாம். புடைப்பு இல்லை. பிறகு மைனஸ் டெர்மினலின் கவ்வியை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். பாட்டில் மூடிபோலச் சுற்றியது. அடியில் வெளிறிய பச்சையில் பொடி பூத்துக் கிடந்தது. ஹெட்லைட்டுக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் அந்தப் பொடியைத் தாண்டி வந்துவிடும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். அது எப்படி வரும்?

10 எண் ஸ்பேனர் என்னிடம் இருந்தது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். உப்புத்தாள் கொண்டு ஈயம் பளபளக்கும்வரை தேய்த்தேன். கையுறையோடு ஸ்பேனர் பிடிபடவில்லை. கழற்றினால் விரல் பிடிபடவில்லை. பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆனது.

“இப்போது அவசரப்படாதீர்கள்” என்றார். ஹீட்டர், ரேடியோ, விளக்கு எல்லாம் அணைத்தாயிற்று. சாவியைப் பாதி திருப்பி, சுருள்கம்பி போன்ற அந்த மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். டீசல் இன்ஜினுக்குள் சூடேற்றித் தரும் க்ளோ பிளக் சூடாகும் நேரம் அது. ஊரில் நான் அதற்காக ஒரு நாளும் காத்திருந்ததில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் ஒரு சுற்று சூடேற்றச் சொன்னார். கியர்பாக்ஸ் ஆயிலின் சுமை செல்ஃபின் மேல் விழாமலிருக்க, கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு திருப்பினேன். ர்ர்ர்... ர்ர்ர்... பத்து வினாடி. விட்டுவிட்டு ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றாவது முறை இருமிக்கொண்டு பிடித்தது. பின்னால் வெள்ளைப் புகை விடுதிச் சுவரையே மறைத்தது.

டீசல் எங்கே நிரப்பினீர்கள் என்று கேட்டார். அடிவாரத்தில் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். சாதாரண டீசலில் கரைந்திருக்கும் மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்திருந்தால் எந்த ஸ்பேனரும் உதவியிருக்காது. கிடைக்கிற முதல் பங்க்கில் குளிர்காலக் கலவை டீசலை நிரப்பச் சொல்லிவிட்டு லாரிக்குத் திரும்பினார். நான் சொன்ன நன்றியைக்கூட நின்று வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த இரவு இன்னும் உயரத்தில் தங்கினோம். டெர்மினல் இறுகியிருந்தாலும் பேட்டரிக்கு ஐந்து வயது என்பது மாறிவிடவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைப் போடாமல், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்தேன். “இதற்கும் போர்வை வேண்டுமா?” என்று கேட்டாள் மனைவி.

விடியற்காலை மாட்டியதும் இரண்டாவது சுற்றிலேயே வண்டி பிடித்தது. பேட்டரியைக் கழற்றியதில் டாஷ்போர்டு கடிகாரம் மட்டும் 12:00 என்று சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும்வரை அதை நான் திருத்தவில்லை.