மூன்று முறைக்கு மேல் கேட்டால் தராதீர்கள்

எங்கள் வேலையைச் சரியாகச் செய்தால் நோயாளிக்கு எங்கள் முகம்கூட நினைவிருக்காது. அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குப் பழக்கூடை வரும், மகள் கல்யாணப் பத்திரிகை வரும். மயக்க மருந்து கொடுத்தவருக்கு வருவது பெரும்பாலும் ஒரு கேள்விதான்: "பெரிய டாக்டர் எப்போது வருவார், சிஸ்டர்?" பெண் என்றால் அந்த 'சிஸ்டர்' நிச்சயம். ஆரம்பத்தில் இது உறுத்தியது. பாராட்டை நம்பித் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள இந்தத் துறையில் வழியே இல்லை என்பது புரிந்தபோது, அதுவே ஒரு வசதியாகவும் ஆனது. வேறு எங்கிருந்தாவது அதைத் தேடித்தானே ஆகவேண்டும்.

மேற்படிப்பில் சேர்ந்த புதிதில் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: தைரியமாக இரு, கை நடுங்கக் கூடாது. எப்படி நடுங்காமல் இருப்பது என்று யாரும் சொல்லவில்லை. உரத்த குரலில் பேசும் சக மாணவர்களைத் தைரியசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் மட்டும் அறிவுரை எதுவும் தரமாட்டார். எதைச் செய்யப் போனாலும் பின்னால் வந்து நின்று, "இது நடக்கவில்லை என்றால்?" என்பார். பதில் சொன்னால், "அதுவும் நடக்கவில்லை என்றால்?" அவர் வார்டு பக்கம் வருகிறார் என்றாலே ஒளிந்துகொள்ள இடம் தேடுவோம்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது சிசேரியன்களில். தாயை உட்காரவைத்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்ப்போம். அவற்றை இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போட்டால், அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். அதை அடையாளமாக வைத்து மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தும்போது, ஓரிடத்தில் தடை சட்டென்று விலகுவது விரலுக்குத் தெரியும். ஊசியின் பின்முனையில் தெளிந்த நீர் ஒரு சொட்டு வந்து நிற்கும். பிறகு செலுத்தும் மருந்து இரண்டு மில்லி அளவுதான். சில நிமிடங்களில் கால்கள் கனத்து மரத்துப்போகும், கூடவே ரத்த அழுத்தமும் இறங்கும். மானிட்டர் அடுத்த அளவீட்டைக் காட்டுவதற்கு முன்பே அந்தப் பெண், "ஒரு மாதிரி குமட்டுகிறது டாக்டர்" என்பார்.

முதல் வருடம் அந்தக் குமட்டலுக்காகவே பயந்து செத்தேன். இன்றும் ரத்த அழுத்தம் அதே போலத்தான் இறங்குகிறது. என் அனுபவத்தைப் பார்த்து அது மரியாதை காட்டுவதில்லை. ஆனால் அழுத்தத்தை ஏற்றும் மருந்து பெயர்ச்சீட்டு ஒட்டிய சிரிஞ்சில் தயாராக இருக்கிறது. கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்க, வலது இடுப்புக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து இடப்பக்கம் சாய்த்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்தது என்ன என்பதும் தெரியும். கை நடுக்கம் எந்த நாளில் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. நின்றது துணிச்சலால் இல்லை, பேராசிரியரின் கேள்விக்கு இரண்டு மூன்று படி வரை பதில் கையில் இருந்ததால்.

நோயாளியோடு இருக்கும் பயம் இப்படித் தீர்ந்தாலும், சக மனிதர்களோடு இருக்கும் பயம் தீர இன்னும் நாளாயிற்று. காலை முதல் கேஸ், சர்ஜன் கைகளைச் சுத்தம் செய்துகொண்டு தயாராக நிற்கிறார். "ஏதாவது சாப்பிட்டீர்களா அய்யா?" என்று கேட்கிறேன். "ஒன்றுமே இல்லை தாயி, ஒரு வாய் டீ மட்டும்." பால் கலந்த டீ. வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் போதும். பாலுக்கு ஆறு மணி நேரக் கணக்கு. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அவசர அறுவை சிகிச்சை என்றால் வேறு ஏற்பாடுகள் உண்டு. இது குடலிறக்கம், மதியம் செய்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. சர்ஜனோ, "ஒரு வாய் டீக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்கிறார். அப்போதெல்லாம், "சார், எனக்கு என்னவோ கொஞ்சம் தயக்கமாக..." என்று இழுப்பேன். என் தயக்கத்தோடு வாதாடுவது அவருக்குச் சுலபம். பிறகு பேச்சை மாற்றிக்கொண்டேன்: "பால் டீ, ஆறரை மணிக்குக் குடித்திருக்கிறார். பன்னிரண்டரைக்கு எடுத்துக்கொள்ளலாம் சார். அடுத்த கேஸை முதலில் செய்வோம்." மணிக்கணக்கோடு வாதாட அவருக்கு வழியில்லை. முணுமுணுப்பார், அது வேறு விஷயம்.

இந்த இடத்தில் இங்கிலாந்தில் 2005-ல் நடந்ததைச் சொல்லவேண்டும். எலைன் புரோமிலி என்ற பெண்ணுக்குச் சைனஸுக்கான சாதாரண அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்த பிறகு சுவாசப் பாதையை நிலைப்படுத்த முடியவில்லை. அறையில் இருந்தவர்கள் அனுபவம் மிக்க மருத்துவர்கள். தொண்டைக்குள் ட்யூப் போட மீண்டும் மீண்டும் முயன்றார்கள். ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே போனது. நர்ஸ் ஒருவர், கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து தயார் என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லி வைத்தார். அதை மிகைப்படுத்தலாகப் பார்த்தார்கள் என்று தோன்றியதும் அவரே படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலைன் சில நாட்களில் இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. யாரையும் பழிவாங்கப் போகவில்லை. விமானிகளின் அறையில் இளையவரும் எழுந்து பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறதே, ஆபரேஷன் தியேட்டரில் ஏன் இல்லை என்று கேட்டார். மனிதத் தவறுகள் எப்படி நேர்கின்றன என்பதை மருத்துவத் துறைக்குச் சொல்ல 2007-ல் ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

அந்த அறையில் யாருக்குத் தன்னம்பிக்கை குறைவு? மருத்துவர்களுக்கு அது தாராளமாகவே இருந்தது, ஒரே செயலின்மேல். என்ன செய்யவேண்டும் என்று அறிந்திருந்த நர்ஸ்களுக்கோ, அதை உரக்கச் சொல்ல இடமில்லை. கடினமான சுவாசப் பாதைக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி, 2015-ல் வந்த பதிப்பில், ட்யூப் போடும் முயற்சிகளை மூன்றோடு நிறுத்தச் சொல்கிறது. நான்காவது ஒன்று உண்டு, கூடுதல் அனுபவம் உள்ளவர் வந்து செய்தால் மட்டும். படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எப்போது நிறுத்துவது என்பதை என் ரோஷத்திடம் விடாமல், யாரோ முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள்.

இப்போது கடினமாக இருக்கும் என்று தோன்றும் கேஸ்களில், மயக்கம் கொடுப்பதற்கு முன் சிஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன்: "மூன்று முறைக்கு மேல் நான் ட்யூப் கேட்டால் தராதீர்கள். அடுத்த கருவியைக் கையில் வைத்துவிடுங்கள்." புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள், மேடம் விளையாடுகிறார் என்று. திருப்பிச் சொல்லவைப்பேன். ஒருமுறை அப்படிச் சிரித்த பெண்ணே, நான் கை நீட்டியபோது ட்யூபைத் தராமல், "மேடம், மூணு ஆயிடுச்சு" என்றார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறையத் தணியும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலி அப்போது சுருதி இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒலியைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தேன். அவர் குரல் விழுந்தது. குரல்வளைக்கு மேலே பொருத்தும் முகமூடிக் கருவியை வைத்தோம், காற்று உள்ளே போனது, மூச்சு திரும்பி வருவதைக் காட்டும் கரியமில வாயுவின் அலை மானிட்டரில் எழுந்தது. வெளியே வந்ததும், எதிர்த்துப் பேசிவிட்டேனோ என்று அவர் மன்னிப்புக் கேட்க வந்தார். அன்று மதியச் சாப்பாடு என் செலவு.

எல்லாவற்றிலும் இப்படி என்று நினைத்துவிடவேண்டாம். சில மாதக் குழந்தை மேஜைக்கு வந்தால், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதிலேயே ஊறிய ஒருவரை இன்றும் போனில் அழைக்கிறேன். அவர் வந்து சேர அரை மணி ஆகும். "இத்தனை வருடம் ஆகியுமா?" என்று சர்ஜன் கேட்கிறார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, அவர் வரும்வரை குழந்தையின் எடையை இன்னொரு முறை பார்த்து மருந்தளவைக் கணக்குப் போடுகிறேன்.