கட்சுரா மாளிகைக்குள் ஒரு மணி நேரம்

கியோத்தோ நகரின் மேற்கே, கட்சுரா ஆற்றங்கரையில் உள்ள கட்சுரா அரச மாளிகைக்கு நினைத்த நேரத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. பேரரசர் குடும்ப விவகாரங்களைக் கவனிக்கும் அரசுத் துறையிடம் அனுமதி பெற்று, குறித்த நேரத்தில் வழிகாட்டியுடன் சிறு குழுவாகத்தான் செல்ல வேண்டும். இலையுதிர் கால நாட்கள் வெகு விரைவில் நிரம்பிவிடும் என்பதால், கோடைத் தொடக்கத்தில் வார நாள் ஒன்றைத் தேர்ந்து அத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்தேன், அனுமதி கிடைத்தது. வாயிலில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து 1000 யென் கட்டணம் பெற்றுக்கொண்டார்கள். 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்பதைக் குடும்பத்தோடு செல்வோர் முதலிலேயே கவனித்துக்கொள்வது நல்லது.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இளவரசர் ஹச்சிஜோ தொஷிஹிதோ தொடங்கிய இந்த மாளிகையை அவருடைய மகன் தொஷிதாதா விரிவாக்கினார். உள்ளே நுழைந்ததும் குளம் முழுவதும் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சிறு நிலமுனை ஒன்றில் நின்ற பைன் மரம் பார்வையை மறித்தது. அதற்குப் பிறகு காலடிக் கற்கள். ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு உயரம். குனிந்து பார்த்து அடியெடுத்து வைக்காவிட்டால் தடுக்கிவிடும். அப்படிக் குனிந்தே நடந்து, கல் சற்று அகலமாகும் இடத்தில் நின்று நிமிர்ந்தால், கூழாங்கல் பரப்பிய கரையும் அதன் முனையில் ஒரு கல்விளக்கும் எதிரே வந்து நிற்கின்றன. எங்கே தலை நிமிர வேண்டும் என்பதைக்கூடத் தோட்டம் அமைத்தவர்களே தீர்மானித்திருக்கிறார்கள் என்பதே இங்கு என்னை மிகவும் கவர்ந்தது. போகக் கூடாத கிளைப்பாதைகளின் தொடக்கத்தில் கறுப்புக் கயிற்றால் குறுக்காகக் கட்டிய சிறு கல் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி எவரும் கால் வைக்கவில்லை.

ஷோகின்தெய் தேநீர் இல்லத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட காகிதம் ஒட்டிய சுவரைத் திறந்த பக்கத்திலிருந்து பார்த்தோம். 17ஆம் நூற்றாண்டுக்குரியது என்று நம்ப முடியாத அளவுக்கு அது துணிச்சலான வடிவமைப்பு. ஆற்று வெள்ளத்தை முன்னிட்டு உயர்த்திக் கட்டிய பிரதான கட்டடங்களுக்குள் செல்ல இயலாது. பழைய கட்டடத்தின் முன் நீளும், நிலவைக் காண்பதற்கான மூங்கில் மேடையையும் வெளியே நின்றுதான் காணலாம். 1933இல் இங்கு வந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட், கட்சுராவின் எளிமையை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர்.

சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. குழுவின் கடைசியில் ஊழியர் ஒருவர் வருவதால் பின்தங்கி நிற்க முடியாது. தோட்டத் தரையில் படர்ந்திருக்கும் பாசியைக் காக்க அது தேவை என்றே கருதுகிறேன். அனுமதி கிடைக்காதவர்கள் ஆற்றோரச் சாலையில் நடந்தாவது பாருங்கள்: வேரோடு நிற்கும் மூங்கில்களை வளைத்துப் பின்னிய உயிர்வேலியை எந்த விண்ணப்பமும் இன்றி அங்கே காணலாம்.