இரவு 2.10 மணிக்கு ஓடிய மோட்டார்

இரவு 2.10. ஓடியது 18 நிமிடம். மறுபடி 4.35.

மெமரி கார்டைக் கணினியில் போட்டதும் கண்ணில் பட்ட வரிகள். குடியிருப்பே உறங்கும் நேரத்தில் மோட்டாருக்கு என்ன வேலை?

மோட்டார் அறையில் போன மாதம்தான் சீமென்ஸ் லோகோ ரிலே ஒன்றைப் பொருத்தினேன். உள்ளங்கையகலப் பெட்டி, நாம் சொல்லிவைத்தபடி இயங்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான கான்டாக்டரின் துணை முனையிலிருந்து அதற்கு ஒரு ஒயர். மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் தேதி, மணியோடு ஒரு வரி அதன் மெமரி கார்டில் பதிவாகிவிடும்.

சுவரில் தொங்கும் நோட்டில் காவலாளி அண்ணன் தினமும் எழுதுவது ஒரே வரிதான்: காலை 6 முதல் 6.45 வரை. அவர் பொய் எழுதவில்லை. தான் சுவிட்சைப் போட்ட நேரத்தை எழுதுகிறார். தொட்டி குறைந்தால் மிதவை சுவிட்ச் தானாகப் போடுவது அவர் கணக்கில் வராது. நாம் வைத்திருக்கும் பல கணக்குகளும் இப்படித்தான், நாம் விழித்திருந்த நேரத்துக்கு மட்டும்.

வீடு வீடாகப் பார்த்தோம். மூன்றாவது மாடியில், பூட்டிக்கிடந்த வீட்டின் கழிவறைத் தொட்டி ஓசையில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. பத்து ரூபாய் வாஷர்.

"இனி இதையும் எழுதணுமா சார்?" என்றார் அண்ணன், பேனாவைக் காதில் செருகியபடி.