நிமிடத்துக்கு 20 சொட்டு

மதுரை புதூரில் ஒரு சின்ன கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். என்ன மருந்து, எவ்வளவு என்று டாக்டர் சொல்லுவார். குட்டியைப் பிடிப்பது, கழுவி விடுவது, பாட்டில் மாற்றுவது, ராத்திரி கூடவே இருப்பது எல்லாம் என் வேலை. பார்வோ என்கிற குடல் வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி வாசலைத் தாண்டும்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிடும். ரத்தமும் அழுகலும் கலந்த அந்த வாடை அப்படி. சட்டையைத் துவைத்த பிறகும் மூக்கிலேயே நிற்கும்.

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று மத்தியானம் அந்த வாடையோடுதான் செவலை வந்தது. அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அப்பத்தாவும் பத்து வயதுப் பேரனும் கொண்டுவந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் பஸ் பாதியிலேயே நின்றுவிட, மீதித் தூரத்தை வெயிலில் நடந்திருக்கிறார்கள். மஞ்சப்பைக்குள் பழைய சேலைத் துணி, துணிக்குள் இரண்டு மாதச் சிப்பிப்பாறைச் சாதி நாய்க்குட்டி.

"நேத்து காலைல இருந்து வாந்தி தம்பி. ராத்திரி பூரா ரத்தமாக் கழிஞ்சிருச்சு. மோர் ஊத்துனேன், அதையும் கக்கிருச்சு" என்றார் அப்பத்தா. பேரன் ஒன்றும் பேசவில்லை. பையின் காதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"ஊசி போட்டோமே, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். போட்டது உண்மைதான். ஒரே ஒரு ஊசி, அதுவும் ஐந்து நாளைக்கு முன்னால். கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிவதற்கே மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும் என்பதால், அந்த ஊசி போடும் நேரத்திலேயே கூட அது உள்ளே இருந்திருக்கலாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியைச் சரியாக வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டே வரச் சொல்கிறோம். ஒரு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். அவர்கள் அசட்டையாக இருப்பவர்கள் என்று நான் நினைக்கவில்லை. முதல் ஊசி போட்ட அன்றே இதை உட்காரவைத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எடை 3 கிலோ. பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. ஈறு வெளுத்து, விரலில் ஒட்டியது. ஆசனவாயிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதனை அட்டையில் விட்டதும் இரண்டாவது கோடு விழுந்துவிட்டது, பார்வோதான். வெள்ளை அணுக்கள் 1,800. குறைந்தது 6,000 இருக்க வேண்டும்.

சொட்டு ஏற்ற நரம்பு கிடைப்பதுதான் பெரும்பாடு. உடம்பில் தண்ணீர் வற்றினால் நரம்பும் படுத்துவிடும். முன்னங்காலில் முடியை மழித்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். டாக்டர் மூன்றாவது முயற்சியில் மஞ்சள் கேனுலாவை ஏற்றினார். எங்களிடம் இருக்கிறதிலேயே மெல்லிசான 24 நம்பர். பிளாஸ்டர் ஒட்டி, பேரனின் பழைய சாக்ஸை வெட்டி மேலே மாட்டினோம், கடித்து இழுக்காமல் இருக்க.

முதலில் கொஞ்சம் வேகமாகக் கொடுத்து ரத்த ஓட்டத்தை நிமிர்த்திய பிறகு கணக்குப் போட்டோம். எடையில் நூற்றுக்கு எட்டு பங்கு தண்ணீர் வற்றியிருக்கிறது என்று வைத்தால் 3 கிலோவுக்கு 240 மில்லி. ஒரு நாள் தேவை 180. இதோடு வாந்தியிலும் பேதியிலும் போய்க்கொண்டே இருப்பது. மணிக்கு 20 மில்லி என்று டாக்டர் சொன்னார். குழந்தைகளுக்குப் போடும் சிறுசொட்டு செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. நிமிடத்துக்கு 20. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். குட்டி காலை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் ஓடும். ராத்திரி முழுக்க அந்தக் காலை நேராக வைத்திருப்பதே ஒரு வேலை.

"குடலுக்கு மருந்து இல்லையா தம்பி?" என்று அப்பத்தா கேட்டார். கிருமியைக் கொல்ல நாங்கள் கொடுக்கும் மருந்து எதுவும் இல்லை. வாந்தியை நிறுத்த ஒன்று, புண்ணான குடல் வழியாக வேறு கிருமிகள் ரத்தத்தில் இறங்காமலிருக்க ஆன்டிபயாடிக், அப்புறம் தண்ணீர், சர்க்கரை, உப்புச் சத்து. அவர் நடவு வேலைக்குப் போகிறவர் என்பதால் அதை வைத்தே சொன்னேன். குடலின் உள்சுவர் நம் வயல் மாதிரி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை பழசு உதிர்ந்து புதுசு வரும். புதுசு முளைக்கிற நாற்றங்காலைத்தான் இந்தக் கிருமி அழிக்கிறது. நாற்று இல்லாமல் வயல் வெறும் சேறாகக் கிடக்கிறது. நாற்றங்கால் திரும்ப எழும்பும்வரை உயிரைப் பிடித்து வைத்தால் போதும். "அப்ப நாலு நாளு" என்றார். ஆமாம், நாலு நாள்.

இரண்டாம் ராத்திரி எதிர்சேவை. அழகர் மூன்றுமாவடி தாண்டி வந்துகொண்டிருந்தார். தெரு முழுக்க ஜனம், கோவிந்தா சத்தம், வேட்டு. வீட்டுக்குப் போன டாக்டரால் திரும்பி வர முடியவில்லை. போனில்தான் பேசிக்கொண்டோம். பதினொரு மணிக்குச் சூடு 98.2 டிகிரிக்கு இறங்கியிருந்தது. 101-க்கு மேல் இருக்க வேண்டிய குட்டி. பார்வோவில் காய்ச்சலைவிட உடம்பு குளிர்வதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். காதோரம் குத்தி மனுஷருக்குப் பார்க்கும் கருவியிலேயே சர்க்கரை பார்த்தேன், 48. டாக்டர் சொன்ன அளவில் டெக்ஸ்ட்ரோஸை நீர்த்து மெதுவாக ஏற்றினேன். காலியான சலைன் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தேன். வாசலிலேயே வேட்டு வெடித்தது. இலை அசைந்தாலும் காதைத் திருப்புகிற சாதி அது. அன்றைக்கு அந்தக் காது அசையவே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் கூப்பிட்ட அதே பெயரைச் சொல்லி நானும் கும்பிட்டேன். விடிகாலை மூன்று மணிக்கு 99.6.

காலையில் அழகர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த நேரம், மூக்குவழிக் குழாயில் சாப்பாடு தொடங்கினோம். முன்பெல்லாம் வாந்தி நிற்கும்வரை வாயில் ஒன்றும் வைக்காதே, குடலுக்கு ஓய்வு கொடு என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் குட்டிகளைப் பட்டினி போட்டேன். 2003-இல் தென்னாப்பிரிக்காவில் செய்த ஒரு ஆய்வு, சேர்த்த 12 மணி நேரத்திலேயே குழாயில் உணவு கொடுத்த பார்வோ குட்டிகள் சீக்கிரம் தேறியதையும் எடை கூடியதையும் காட்டியது. குடல் சுவர் தனக்கான சத்தில் பெரும்பங்கை அதற்குள் போகும் உணவிலிருந்தே எடுக்கிறது. தொண்டையில் ஊற்றாமல் குழாயில் கொடுப்பது புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடாமல் இருக்க. வடிகட்டிய கோழிச் சாறும் கஞ்சியும், முதல் தடவை 3 மில்லி. கக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 5.

இடையிடையே தரை கழுவும் வேலை. இதை நான் யாரிடமும் விடுவதில்லை, காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு இடத்தில், பார்வோ குட்டி படுத்திருந்த மேஜையைப் பினாயில் போட்டுத் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. மறுநாள் அதே மேஜையில் ஊசி போட வந்த ஒரு கருப்புக் குட்டியை ஏற்றினேன். ஆறாம் நாள் அது ரத்தபேதியோடு வந்தது, எட்டாம் நாள் செத்துப்போனது. எங்கள் மேஜையிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் பினாயில் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் குட்டியின் கழுத்தில் சின்ன மணி ஒன்று கட்டியிருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும்.

நாலாம் நாள் காலை வெள்ளை அணுக்கள் 5,400. பேதியில் ரத்தம் இல்லை. பத்து மணி வாக்கில் வாசலில் அப்பத்தாவின் குரல் கேட்டது. செவலையின் ஒரு காது திரும்பியது. ஒரே ஒரு காது. நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தவன், எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அவர் மஞ்சப்பையைக் கீழே வைத்ததும் குட்டி எழுந்து நின்று, இரண்டடி தள்ளாடிப் போய், தான் வந்த பைக்குள் தலையை விட்டுக்கொண்டது. பேரன் அப்போதுதான் அழுதான்.

மேலும் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினோம். போகும்போது அப்பத்தாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நோய் போனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மலத்தில் கிருமி வரும். முற்றத்து மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முழுசாகப் போடாத குட்டி எதையும் ஒரு வருஷத்துக்கு உள்ளே விட வேண்டாம். மனுஷருக்கு இது தொற்றாது, ஆனால் செருப்பில் ஒட்டிப் போகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதோட கூடப்பொறந்தது ஒண்ணு பக்கத்து வீட்ல இருக்கே தம்பி, இன்னைக்குச் சோறு திங்கலைன்னாங்க" என்றார்.

சாயங்காலமே கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் போனதும் கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து மூலை முடுக்கெல்லாம் நனைய ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றேன்.