இத்தாலி இரண்டு வாரம்: கிழமையும் பெயரும் படுத்திய பாடு

போய் வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இத்தாலி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் மனம் நிறைந்து பேசுகிறேன். ஆனால் கிளம்புவதற்கு முன் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, அப்புறம் விமான டிக்கெட்டில் கை வையுங்கள்.

போனது நான், கணவர், 68 வயது அம்மா. ஊர்கள்: மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ், நேப்பிள்ஸ், ரோம். மிலானில் இறங்கி ரோமில் ஏறும்படி விமானம் எடுத்தோம். ரோமுக்குத் தெற்கே இருக்கும் நேப்பிள்ஸை ரோமுக்கு முன்னால் வைத்தோம். ஃபிளாரன்ஸிலிருந்து அங்கே நேரடி அதிவேக ரயில் இருக்கிறது, சுமார் மூன்று மணி நேரம். கடைசி நாட்கள் விமானம் ஏறும் ஊரிலேயே கழிவதால் ரயில் தவறினால் என்ன ஆகும் என்ற பயம் இல்லை. இந்த வரிசையை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

ஊர் வரிசை ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. எந்தக் கிழமை எந்த ஊரில் என்பதுதான் வாரக்கணக்கில் இழுத்தது. மிலானில் டாவின்சியின் 'கடைசி விருந்து' ஓவியம் திங்கட்கிழமை பார்க்கக் கிடைக்காது. ஃபிளாரன்ஸில் உஃபீசி கலைக்கூடமும், டேவிட் சிலை நிற்கும் அக்காதேமியாவும் திங்கள் விடுமுறை. ரோமின் போர்கேஸே கலைக்கூடமும் அப்படித்தான். நேப்பிள்ஸில் தொல்லியல் அருங்காட்சியகம் செவ்வாய் மூடியிருக்கும், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோம நகரமான பாம்பேயிலிருந்து எடுத்த மொசைக் ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அந்தக் கூட்டத்தில் வயதானவர்களோடு நிற்கவே முடியாது. புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு, அதனால் புனித பீட்டர் பேராலயத்துக்கு அன்று காலை போவது வீண். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்று சந்தோஷப்படாதீர்கள், வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும்.

இதையெல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தபோது விடை தானாக வந்தது: திங்கட்கிழமைகளைப் பயண நாளாக்கிவிடுவது. வெனிஸிலிருந்து ஃபிளாரன்ஸ் ஒரு திங்கள், நேப்பிள்ஸிலிருந்து ரோம் அடுத்த திங்கள். அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளில் நாங்கள் ரயிலில் இருந்தோம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பெருமையான விஷயம் இதுதான்.

சரி, வீசாவுக்கு வருகிறேன். கோபம் எல்லாம் இங்கேதான்.

இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவின் விதிகள் பலருக்கும் தெரிந்தவை: பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று. எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி, பக்க அடையாளச் சீட்டு ஒட்டி எடுத்துப்போனோம். வீசா விண்ணப்ப மையத்தின் கவுண்டரில் இருந்த பெண் முதலில் என் கோப்பையும் கணவர் கோப்பையும் வேகமாகப் பார்த்து முடித்தார். அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் கை நின்றது.

"மேடம், சர்நேம் எங்கே?"

நம் ஊரில் அம்மா வயதுப் பெண்கள் எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பெயர் ஒன்று, அவ்வளவுதான். முன்னெழுத்தை விரிக்காமல் எடுத்த பாஸ்போர்ட். அப்பா பெயரும் கணவர் பெயரும் கடைசிப் பக்கத்தில் தெளிவாக இருக்கின்றன. அதைக் காட்டினேன். அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. விமான டிக்கெட்டில் அம்மாவின் பெயர் இரண்டு முறை அச்சாகியிருந்தது, ஏனென்றால் விமான நிறுவனத்தின் படிவம் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கவில்லை. காப்பீட்டு ஆவணத்தில் பெயருக்குப் பின்னால் வெறும் ஒரு புள்ளி. ஃபிளாரன்ஸ் வீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தில் அப்பாவின் பெயர் சேர்ந்திருந்தது. நேப்பிள்ஸ் விடுதியின் தாளில் என் பெயர் மட்டும், கூடவே "பெரியவர்கள் 3" என்று ஒரு வரி.

"இது நாலும் ஒரே ஆள்னு எப்படி எடுத்துக்கிறது? இந்த நேப்பிள்ஸ் தாள்ல அம்மா பேரே இல்லையே" என்றார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்ன கொண்டுவந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டதற்கு, "அது நாங்க சொல்ல முடியாது மேடம், உங்க இஷ்டம்" என்று பதில் வந்தது. அதே மூச்சில், கூடுதல் பணம் கட்டினால் சோபா போட்ட தனி அறையில் உட்காரலாம் என்றார். கீழே நகல் எடுக்கும் கடையில் பக்கத்துக்கு வெளியே கேட்பதைப்போல் பல மடங்கு. வெயிலில் வந்த அம்மா, "என் பேராலதான் இவ்வளவு கஷ்டமா" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று கோப்பைக் கொடுக்காமலே திரும்பினோம். அடுத்த சந்திப்பு நேரம் கிடைக்கப் பல நாள் ஆனது.

அந்த இடைவெளியில் செய்தவற்றை ஒற்றைப் பெயர்க்காரர்களுக்காக விரிவாகவே சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, விமான டிக்கெட்டில் இருப்பதுபோலவே பெயரை இரண்டு முறை போட்டு ஆவணத்தை மாற்றி வாங்கினோம், கட்டணம் இல்லை. எல்லா விடுதிகளுக்கும் ஒரே மின்னஞ்சல்: மூவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு கடிதம் வேண்டும் என்று. அதை இத்தாலிய மொழியில் மொழிபெயர்த்து அனுப்பியதும்தான் நேப்பிள்ஸ்காரர் பதில் போட்டார், அதுவரை சத்தமே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் அம்மாவின் பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதினோம். விளக்கக் கடிதத்தில், பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, ஆகவே டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று ஒரு பத்தி தனியாக எழுதி, பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல்களை அதன் பின்னாலேயே வைத்தோம். அம்மாவுக்கு வருமான வரிக் கணக்கு கிடையாது, குடும்ப ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கின் முத்திரையிட்ட அறிக்கையும், செலவை நான் ஏற்கிறேன் என்ற கடிதமும் போதுமாக இருந்தன.

இரண்டாவது முறை வேறொருவர் இருந்தார். விளக்கக் கடிதத்தை ஒருமுறை படித்தார், "ஓகேங்க" என்றார், விரல்ரேகை எடுத்தார்கள், முடிந்தது. இப்படி ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள் என்று முதல் நாளே ஒருவர் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.

வீசா வருவதற்குள் அடுத்த நெருக்கடி. ரோமின் கொலோசியம் டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதுவும் 2023 இறுதியிலிருந்து பெயர் போட்ட டிக்கெட், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள், வாங்கினால் பணம் திரும்பாது. பாம்பேயிலும் 2024 நவம்பரிலிருந்து அதே முறை, ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கிறது, வீசா கிடைக்குமா தெரியாது, டிக்கெட்டோ தீர்ந்துகொண்டே போகிறது. கணவர் கொஞ்சம் பொறு என்றார். நான் வாங்கிவிட்டேன். கொலோசியத்துக்குத் தலைக்கு 18 யூரோ, வீசா வராமல் போனால் அந்த நஷ்டத்தைத் தாங்கலாம், ஆனால் வீசா வந்தும் டிக்கெட் இல்லாமல் அம்மாவை வெளியே நிறுத்த மனம் வரவில்லை. இங்கேயும் சர்நேம் கட்டாயம், இங்கேயும் பெயர் இரண்டு முறை. கொலோசியம் வாசலில் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார். அந்த நொடியில் கவுண்டர் கோபத்தில் பாதி இறங்கியது. அம்மாவின் பாஸ்போர்ட் விரைவில் புதுப்பிக்க வேண்டியது, அப்போது அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவோம். பிள்ளைகளுக்குப் புதிதாக எடுப்பவர்களும் அதைக் காலியாக விடாதீர்கள்.

'கடைசி விருந்து' டிக்கெட் தனிக் கதை. உள்ளே 15 நிமிடம்தான் விடுவார்கள், சிறு சிறு குழுவாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக விற்பனைக்கு வரும், வந்த வேகத்தில் போய்விடும். நாங்கள் தேதி முடிவு செய்தபோது எங்கள் வாரம் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. வழிகாட்டியோடு சேர்த்து விற்கும் இடைத்தரகர்கள் பல மடங்கு கேட்டார்கள், மனம் ஒப்பவில்லை. அப்புறம்தான் அதிகாரப்பூர்வ தளத்திலேயே ஒரு வழி கண்ணில் பட்டது: புதன்கிழமை தோறும் அங்கே பகல் 12 மணிக்கு அடுத்த வாரத்துக்கான சில டிக்கெட்டுகளை விடுகிறார்கள். நமக்குக் கோடையில் மாலை 3.30. முன்னாலேயே கணக்குத் திறந்து, உள்ளே நுழைந்து, கார்டு விவரங்களோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று இடம் கிடைத்தது! வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

வெனிஸ் பற்றி ஒன்று. கோடையில் குறிப்பிட்ட நாட்களில் பகல் நேரத்துக்கு உள்ளே வர நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டாம், ஆனால் விலக்குக் குறியீட்டை இணையத்தில் பதிந்து கையில் வைத்திருக்க வேண்டும். தீவுக்கு வெளியே கரைப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினாலும் அது வெனிஸ் மாநகராட்சிக்குள்தான் வரும், விலக்கு உண்டு. நாங்கள் மெஸ்த்ரேயையே எடுத்தோம். பெட்டியோடு பாலப் படிகள் ஏறி இறங்குவது அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

ரயில் வேலைநிறுத்தம் வந்தது ஃபிளாரன்ஸிலிருந்து நேப்பிள்ஸ் போகும் வெள்ளிக்கிழமை. முந்தின நாள் இரவு 9 மணி முதல் அன்று இரவு 9 மணி வரை. இதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொண்டோம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பொதுப் போக்குவரத்து வேலைநிறுத்தத்தைக் குறைந்தது 10 நாள் முன்னால் அறிவிக்க வேண்டும், போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பட்டியலே இருக்கிறது. பயணத்துக்கு முந்தின வாரத்தில் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைநிறுத்த நாளிலும் ஓடியே தீர வேண்டிய நெடுந்தூர ரயில்களின் பட்டியல் ஒன்று உண்டு. உள்ளூர் ரயில்களுக்கு, வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாதம். எங்கள் ரயில் பட்டியலில் இல்லை. மலிவுக் கட்டண டிக்கெட்டை வழக்கமாக ரத்து செய்ய முடியாது, வேலைநிறுத்தம் என்பதால் முழுப் பணமும் திரும்பியது. உத்தரவாதப் பட்டியலில் இருந்த மாலை ரயிலில் இடம் பிடித்தோம், விலை கூடத்தான்.

சிக்கல் ரயிலில் இல்லை. பகலில் பெட்டிகளை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று ஃபிளாரன்ஸ் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, இன்னொரு இரவுக்கான வாடகையைக் கேட்டார். அறிவிப்பில் "பெட்டி வைக்கலாம்" என்று அவரே எழுதியிருந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் "பரவாயில்லை, வையுங்கள்" என்று செய்தி வந்தது. முன்பதிவு செய்யும்போதே அந்த மாதிரி வரிகளையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சைவம், ஆனாலும் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை. பார்மிஜானோ சீஸில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்வதால் அதை ஒதுக்கிவிட்டார். சீஸே இல்லாத மரினாரா பீட்சா எங்கேயும் கிடைத்தது. சூப் வகைகளில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள்.

கடைசியாக, விடுதிப் பதிவில் காட்டும் தொகையோடு கணக்கு முடியாது. நகர வரி தனி. ரோமில் மூன்று நட்சத்திர விடுதிக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நாங்கள் மூன்று பேர் என்பதால் இரவுக்கு 18. எங்களிடம் ரொக்கமாகவே கேட்டார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.