ஏரியின் பரப்பு எத்தனை ஏக்கர்? ஜிஐஎஸ் பழகத் தொடங்குபவர்களுக்கு

ஓர் ஏரியின் பரப்பைக் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். கிராமக் கணக்கில் ஒன்று, செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்தால் ஒன்று, கைபேசியோடு கரையைச் சுற்றி நடந்தால் ஒன்று, மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றினால் இன்னொன்று. ஆக்கிரமிப்பு பற்றி மனு எழுதுபவர்கள், தூர்வாரத் திட்டம் போடுபவர்கள், கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்பவர்கள் எல்லோரும் இந்த எண்ணை நம்பியே மற்றதைக் கட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பதும் இதில்தான். ஜிஐஎஸ்ஸின் (இடத்தோடு இணைந்த தரவை வரைபடமாக்கிக் கணக்கிடும் புவியியல் தகவல் முறைமை) அடிப்படைச் சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஓர் ஏரியை வரைபடத்தில் ஏற்றிப் பரப்பு எடுத்துப் பார்த்தால் அந்தச் சொற்கள் எல்லாம் தேவையான இடத்தில் தானாக வந்து நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இதற்குப் போதும்.

தரவு இரண்டு வகை. புள்ளி, கோடு, மூடிய வடிவம் என்று ஆயத்தொலைவுகளால் ஆனது வெக்டர். மதகு புள்ளி, வரத்துக் கால்வாய் கோடு, ஏரி மூடிய வடிவம், அதாவது பாலிகன். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்போடு இருப்பது ராஸ்டர். செயற்கைக்கோள் படமும் உயரத் தரவும் ராஸ்டர். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர், லேண்ட்சாட்டில் 30 மீட்டர். பத்து மீட்டர் கட்டத்தில் மூன்று மீட்டர் அகலக் கால்வாயைத் தேடி வரைவது வீண் வேலை. பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம்தான் பெரிதாகும், விவரம் கூடாது. காகித வரைபடத்துக்கும் இதே விதிதான். 1:50,000 அளவையில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர், 1:5,000 அளவையில் 2.5 மீட்டர். அந்த வரைபடத்தை ஸ்கேன் செய்து திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோட்டின் தடிமன் அளவுக்கு ஐயம் கூடவே வரும்.

இதுவரை சொன்னது எளிது. புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் ஆயமுறை. சிஆர்எஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 13.08, 80.27 என்ற இரண்டு எண்களுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. எந்த வடிவப் பூமியின் மேல், எங்கிருந்து, எந்த அலகில் அளந்தது என்று சொன்னால்தான் அவை ஓர் இடமாகும்.

பூமியின் வடிவத்தைக் கணக்குக்கு வசதியாகச் சற்றே தட்டையான கோளமாக எடுத்துக்கொள்வது எலிப்சாய்டு. அதைப் பூமியோடு எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்பது டேட்டம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இல் நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். இந்திய நில அளவையின் பழைய டோப்போ ஷீட்டுகள் (நிலவரைபடத் தாள்கள்) எவரெஸ்ட் 1830 எலிப்சாய்டில் அமைந்தவை, அதன் ஆரம் ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு. 1802-இல் சென்னை புனித தோமையர் மலைப் பக்கம் அளவையாளர் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து கிளம்பிய பெரும் முக்கோண அளவையின் பாரம்பரியம் அது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு நன்றாகப் பொருந்தும்படி செய்யப்பட்டது, பூமி முழுமைக்கும் அல்ல. ஆகவே பழைய ஷீட்டில் படித்த அட்ச, தீர்க்கரேகைகளை அப்படியே ஜிபிஎஸ் எண்களோடு சேர்த்தால் இடம் 100 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஏரிக்கரை பக்கத்து வயலில் போய் நிற்கும். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்காக வெளியான ஓப்பன் சீரீஸ் ஷீட்டுகள் டபிள்யூஜிஎஸ் 84-இல் உள்ளன. ஷீட்டின் விளிம்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது ப்ரொஜெக்‌ஷன். வளைந்த பரப்பைத் தட்டையாக்கும் கணக்கு இது. அட்ச, தீர்க்கரேகை முறையில் (ஒவ்வொரு ஆயமுறைக்கும் ஓர் அடையாள எண் உண்டு, இதற்கு 4326) அலகு டிகிரி. அதில் பரப்பு எடுத்தால் சதுர டிகிரியில் வரும். 100 ஹெக்டேர் ஏரிக்கு 0.00008 என்று ஓர் எண் வந்து நின்றால் மென்பொருள் கெட்டுவிடவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. திருச்சி அளவு அட்சரேகையில் ஒரு டிகிரி வடக்கு-தெற்காக சுமார் 110.6 கிலோமீட்டர், கிழக்கு-மேற்காக 109.4. இரண்டும் சமமில்லை என்பதால் ஒரே எண்ணால் பெருக்கி மீட்டராக்கும் குறுக்குவழியும் சரிவராது.

இதைவிட ஆபத்தானது 3857, வலை வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் ப்ரொஜெக்‌ஷன். இதன் அலகு மீட்டர், அதனால் வரும் விடை நம்பும்படி இருக்கும். ஆனால் நடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிப்போகும். சென்னையில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல், கன்னியாகுமரியில் 2.7 சதவீதம். சென்னைக்கு அருகே 100 ஹெக்டேர் ஏரி 106 ஹெக்டேராகத் தெரியும். அந்த ஆறு ஹெக்டேர் கிட்டத்தட்ட 15 ஏக்கர். க்யூஜிஐஎஸ்ஸில் முதல் அடுக்காக (லேயர்) இணையப் பின்னணி வரைபடத்தைச் சேர்த்தால் திட்டத்தின் ஆயமுறை தானாக 3857 ஆகிவிடும். திரையின் வலது கீழ் மூலையில் அந்த எண் தெரியும். அதைப் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளே பழக வேண்டும்.

பரப்புக்கும் தூரத்துக்கும் உகந்தது யுடிஎம் என்ற ப்ரொஜெக்‌ஷன். உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கிறது. நடுவில் ஓடும் தீர்க்கரேகைக்கு 5,00,000 மீட்டர் என்று மதிப்புக் கொடுத்து, கிழக்கும் மேற்கும் அதிலிருந்து எண்ணுகிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 43-ஆம் மண்டலத்துக்கும் 44-ஆம் மண்டலத்துக்கும் எல்லையான 78 டிகிரிக் கோடு மாநிலத்தின் ஊடே போகிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43-இல் (எண் 32643). சென்னை, திருச்சி, மதுரை, சேலம் 44-இல் (எண் 32644). திண்டுக்கல் நகரம் கோட்டை ஒட்டி மேற்கே இருக்கிறது. அந்த மாவட்டம் இரண்டிலும் விழும்.

கோவையின் கிழக்கு மதிப்பு 43-ஆம் மண்டலத்தில் ஏறத்தாழ 7,14,000. அதே எண்ணுக்கு 44 என்று முத்திரை குத்தினால் புள்ளி 6 டிகிரி கிழக்கே தாவி வங்காள விரிகுடாவில் விழும். இப்படிக் கடலில் விழும் பிழை நல்ல பிழை, கண்ணில் பட்டுவிடும். மாநிலம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் 44-க்கு முறையாக மாற்றிக்கொள்ளலாம். மேற்கு ஓரத்தில் பரப்புப் பிழை 0.6 சதவீதத்துக்குள் அடங்கும். பார்ப்பதற்கு அது போதும். சட்டப்படி ஒப்படைக்கும் எண் என்றால் அந்தந்த மண்டலத்திலேயே எடுங்கள்.

“முறையாக மாற்றுவது” என்றேனே, அங்கேதான் பெரும்பாலான கேடு நடக்கிறது. க்யூஜிஐஎஸ்ஸில் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ ஒன்று, ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ இன்னொன்று. முதலாவது எண்களைத் தொடுவதே இல்லை, “இந்த எண்கள் இந்த முறையில் உள்ளவை” என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டுகிறது. இரண்டாவது ஒவ்வொரு முனையின் எண்ணையும் புதிதாகக் கணக்கிட்டுப் புதிய அடுக்கு ஒன்றை உருவாக்குகிறது. பலகை தொலைந்துபோன, அல்லது தவறான பலகை மாட்டிய தரவுக்கு முதலாவது. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது. இடம் பொருந்தவில்லை என்று பலகையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நல்ல தரவையும் கெடுத்துவிடுகிறார்கள்.

பரப்பு எடுக்கும்போது ஃபீல்டு கால்குலேட்டரில் இரண்டு வழி இருக்கிறது. டாலர் குறியோடு தொடங்கும் ‘ஏரியா’, திட்டத்தில் குறித்த எலிப்சாய்டின் மேல் கணக்கிடும். அடைப்புக்குறிக்குள் ஜியாமெட்ரி கொடுக்கும் ‘ஏரியா’, அடுக்கின் தட்டை எண்களை வைத்துக் கணக்கிடும். இரண்டையும் அட்டவணையின் இரண்டு பத்திகளில் (நெடுவரிசைகளில்) எடுத்து ஒப்பிடுங்கள். அந்த இடத்துக்குரிய யுடிஎம் மண்டல அடுக்கில் வித்தியாசம் 0.2 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் ஆயமுறை எங்கோ தவறியிருக்கிறது.

புள்ளிகளை அட்டவணையிலிருந்து ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. நாம் பேச்சில் அட்சத்தை முதலில் சொல்வதால் இது அடிக்கடி இடம் மாறும். மாறினால் சென்னை ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கம் போய் நிற்கும். காலியான வரிகள் பூச்சியமாகப் படிக்கப்பட்டால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் குவியும். டிகிரி-நிமிடம்-நொடியில் எழுதிய 13° 05' 20" என்பதை 13.0520 என்று தட்டச்சு செய்வது இன்னும் மோசம். சரியான மதிப்பு 13.0889. பிழை நான்கு கிலோமீட்டர், ஆனால் புள்ளி அதே வட்டாரத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி ஏரியின் எல்லை. இதைக் கருவி முடிவு செய்யாது, வரைபவர் முடிவு செய்ய வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஏரிப் புறம்போக்கு ஒன்று, கலங்கல் மட்டம் வரை நீர் நின்றால் பரவும் இடம் ஒன்று, படம் எடுத்த நாளில் நின்ற நீர் மற்றொன்று. டிசம்பர் படத்தையும் மே மாதப் படத்தையும் வைத்து “ஏரி சுருங்கிவிட்டது” என்று எழுதக் கூடாது. நீரைப் பிரித்துக் காட்டப் பச்சை அலையையும் அகச்சிவப்பு அலையையும் கொண்டு போடும் என்டிடபிள்யூஐ குறியீடு நன்றாக உதவும். சென்டினல்-2-இல் அவை 3-ஆம், 8-ஆம் பட்டைகள். ஆனால் ஆகாயத்தாமரை மூடிய ஏரி அந்தக் குறியீட்டில் நிலமாகவே தெரியும். நகரை ஒட்டிய ஏரிகளில் இது சாதாரணம். ஆகவே குறியீட்டை மட்டும் நம்பாமல் படத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

பழைய கிராம வரைபடத்தை ஏற்ற ஜியோரெஃபரன்சிங் செய்ய வேண்டும். காகிதத்தில் ஓரிடத்தைக் காட்டி, தரையில் அதன் ஆயத்தொலைவைக் கொடுப்பது. எளிய மாற்றத்துக்கு 3 புள்ளிகள் போதும் என்று மென்பொருள் ஒப்புக்கொள்ளும். ஆனால் மூன்றே புள்ளி கொடுத்தால் பிழை எப்போதும் பூச்சியம் என்று காட்டும், சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை என்பதுதான் காரணம். எட்டு, பத்துப் புள்ளிகளாவது நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பரவலாகக் கொடுங்கள். மூன்று கிராம எல்லைகள் கூடும் கல், பழைய கோவில், கல் பாலம் ஆகியவை நம்பத்தக்கவை. வாய்க்கால் வளைவும் மரமும் வேண்டாம், அவை இடம் மாறும். காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்கியிருக்கும் என்பதால் பிழை பூச்சியமாகாது. அதைக் குறைக்கிறேன் என்று இரண்டாம், மூன்றாம் படிச் சமன்பாடுகளுக்குப் போனால் புள்ளிகளில் பிழை குறைந்து, புள்ளிகள் இல்லாத இடத்தில் வரைபடம் முறுக்கிக்கொள்ளும்.

கைபேசி ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழ் 5 மீட்டர் அளவில் சரியாக இருக்கும், கருவேலங்காட்டுக்குள் அதைவிட மோசம். சுற்றளவு 4 கிலோமீட்டர் உள்ள ஏரியில் எல்லை முழுவதும் 1 மீட்டர் வெளியே தள்ளிப்போனால் 0.4 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் கூடிவிடும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதிய பரப்பைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உயரம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் அடிப்படையில் தருவது எலிப்சாய்டுக்கு மேல் உள்ள உயரம், கடல்மட்டத்துக்கு மேல் அல்ல. கடல்மட்டத்தை ஒட்டிய ஈர்ப்புப் பரப்பான ஜியாய்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உலகிலேயே மிகத் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் திருத்தம் செய்யாத உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி பழுதில்லை. விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் போன்ற உயரத் தரவை வைத்து ஏரியின் கொள்ளளவைக் கணக்கிடுவதும் கூடாது. அந்த ரேடார் 2000 பிப்ரவரியில் மேலிருந்து பார்த்தது, நீருக்கு அடியில் பார்க்காது. அதன் பிழையே சில மீட்டர், நம் ஏரிகளின் ஆழமும் சில மீட்டர்தான்.

பக்கத்துப் பக்கத்துப் புலங்களை வரையும்போது, அருகிலுள்ள முனையோடு தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை இயக்கி, 10 பிக்சல் அளவு வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு புலங்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளிகளும் மேற்பொருந்தல்களும் உருவாகும், மொத்தப் பரப்பு கிராமக் கணக்கோடு ஒட்டாது. வரைந்து முடித்ததும் ‘செக் வேலிடிட்டி’ ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் எல்லைகள் அதில் அகப்படும்.

சேமிக்கும்போது ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையைத் தவிர்க்கலாம். தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதற்குத் தனிக் காரணம் உண்டு. அதன் பத்திப் பெயர் 10 பைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்துகளைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘ஏரி’ என்பது 9 பைட், தப்பிக்கும். ‘குளம்’ 15 பைட், வெட்டுப்படும். உரைப் பத்தியின் 254 பைட்டும் 84 குறிகளில் தீர்ந்துவிடும். போதாததற்கு அது ஒரே கோப்பும் அல்ல. ஆயமுறையைத் தாங்கும் துணைக்கோப்பை விட்டுவிட்டு மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவருக்குப் பலகை இல்லாத எண்கள்தான் கிடைக்கும். ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பு, தமிழும் அதில் சிதையாது.

புல எண்களை எக்ஸெலில் வைத்திருந்தால் அந்தப் பத்தியை, எண்களை இடுவதற்கு முன்பே உரை வடிவாக மாற்றிவிடுங்கள். 12/1 என்று தட்டினால் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். பிறகு உரையாக மாற்றினாலும் பழைய எண் திரும்பாது, ஐந்திலக்கத் தேதி எண் ஒன்றுதான் வரும். வரைபடத்தில் 12/1 என்றும் அட்டவணையில் 46,000 சொச்சம் என்றும் இருந்தால் இரண்டையும் இணைக்கும் ஜாயின் அந்தப் புலங்களுக்கு மட்டும் வெறுமையாக வரும். உட்பிரிவு இல்லாத புலங்கள் சரியாக இணைந்து, உட்பிரிவு உள்ளவை மட்டும் விடுபட்டிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதைத்தான் முதலில் பாருங்கள்.