பெலாஞ்சா

மலேசியாவில், சுங்கை சிப்பூட் என்ற ஊரில் இருந்த நான்கு நாளும் ஒரு டீக்குக்கூட நான் காசு கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று இருந்துவிடவில்லை, கொடுக்க விடவில்லை. எத்தனை விதமாக முயன்று தோற்றேன் என்பதை எழுதி வைக்காவிட்டால் மறந்துவிடுவேன்.

கல்லூரி முடிந்ததும் வேலை கொடுத்திருந்த கம்பெனி, சேரும் தேதியை மூன்று மாதம் தள்ளிப் போட்டது. வீட்டில் இருந்தால் வருகிற போகிற மாமாக்கள் எல்லாம் "அப்புறம், என்ன பண்றே?" என்று கேட்பார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. 2023 டிசம்பரிலிருந்து நம்மவர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று தெரிந்ததும் ஒரு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோலாலம்பூர், பினாங்கு, அப்படியே தாய்லாந்து என்பது திட்டம். முதல் ராத்திரியே எல்லோரும் சொல்லும் சாங்காட் புக்கிட் பிந்தாங் தெருவுக்குப் போனேன். ஒரு பீர் விலையைப் பார்த்து மனதுக்குள் ரூபாயில் பெருக்கினேன், பெருக்கியிருக்கக் கூடாது. தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து, விடுதியில் மூட்டைப்பூச்சிகளோடு படுத்தேன்.

மறுநாள் ஈப்போவுக்கு ரயில். இரண்டரை மணி நேரப் பயணம். பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அம்மாவிடம் போனில் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "தம்பி ஊர்லேர்ந்தா?" என்றார். ஊர் என்றால் அங்கே தமிழ்நாடு. மூன்று தலைமுறையாக அந்த ஊரைப் பார்க்காதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எங்கே படித்தேன் என்று கேட்டார். சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றேன். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம துன் சம்பந்தன் படிச்ச இடமாச்சே தம்பி!"

நான்கு வருடம் அந்த வளாகத்தில் சுற்றியிருக்கிறேன், அந்தப் பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அவரே சொன்னார். சுங்கை சிப்பூட்டில் பிறந்தவர், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவர், அமைச்சராகவும் இருந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோய்த் தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றபோது, அவர்களிடமே மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். "எங்க பாட்டி கட்டுனாங்க தம்பி. சம்பளம் வாங்குன கையோட மொத வேலை அதான்." ரிங்கிட்டை நம்மாட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். கேட்கவே ஏதோ அரசர் காலத்துக் கணக்கு மாதிரி இருக்கும்.

ஈப்போ வந்தது. நான் விடுதி தேடக் கைப்பேசியை எடுத்தேன். "எதுக்கு லா ரூமு? வீட்டுக்கு வாங்க" என்றார். லா என்பது அங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொண்டு வருகிற அசை. அவர் கார் ஸ்டேஷனிலேயே நின்றது, வீடு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள்தான். முன்பின் தெரியாதவர் காரில் ஏறாதே என்று அம்மா சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டேதான் ஏறினேன்.

வீடு ஊருக்குள் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரே மாதிரி வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி, எனக்கு அக்கா, கதவைத் திறந்ததும் கேட்டது, "பசியாறிட்டீங்களா?" மணி நான்கு. மதியச் சாப்பாட்டைக் கேட்கிறார்களா, டிபனைக் கேட்கிறார்களா என்று தெரியாமல், ஆச்சு என்றேன். அது தப்பான பதில். எந்தப் பதிலும் தப்பான பதில்தான், எப்படியும் தட்டு வந்துவிடும்.

அன்று ராத்திரி மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளை அப்படித்தான் சொல்கிறார்கள். சனிக்கிழமை என்பதால் பெரிய திரையில் இங்கிலீஷ் கால்பந்து, அங்கே மத்தியான ஆட்டம் என்றால் இங்கே ராத்திரி. சீனர், மலாய்க்காரர், நம்மாட்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் திரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரின் ராத்திரி வாழ்க்கை என்று கேட்டால் முக்கால்வாசி இதுதான். தே தாரிக் போடுபவர் ராமநாதபுரம் பக்கத்து ஆள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு அவர் இழுத்து ஊற்றும்போது கண் டீயில் இல்லை, திரையில் இருக்கிறது. கோல் விழுந்த நொடியில்கூட ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் வந்து மேசையைப் பார்த்து, துண்டுச் சீட்டில் ஏதோ கிறுக்கி வைத்துவிட்டுப் போனார். நான் அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போவதுபோல் எழுந்து கல்லாவுக்குப் போனேன். "அண்ணன் அப்பவே கட்டிட்டாரு" என்றார் கல்லாவில் இருந்தவர். திரும்பிப் பார்த்தால் அண்ணன் சிரிக்கிறார். "இன்னிக்கு நான் பெலாஞ்சா லா." பெலாஞ்சா மலாய்ச் சொல், விருந்து வைப்பது, அடுத்தவர் செலவைத் தன் தலையில் போட்டுக்கொள்வது. அப்படியென்றால் நாளைக்கு நான் பெலாஞ்சா என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்."

மறுநாள் ராத்திரி முன்கூட்டியே திட்டம் போட்டேன். ராமநாதபுரத்துக்காரரிடம் தனியாகப் போய், நீங்களும் ஊர்க்காரர், நானும் ஊர்க்காரன், ஐம்பது வெள்ளியை முதலிலேயே பிடியுங்கள் என்றேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அதே நோட்டை அண்ணனிடம் கொடுத்துவிட்டார், அண்ணன் அதை மடித்து என் பையில் செருகினார். துரோகி! அடுத்த நாள் அவரிடம் சண்டைக்குப் போனால், "எனக்கு இங்க பர்மிட்டு முடியிற வரைக்கும் அவர் மூஞ்சிலதான தம்பி முழிக்கணும்" என்கிறார். சரி, நியாயம்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கள்ளுக்கடை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கள் குடித்தது மலேசியாவில். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே. தகரக் கூரை, மரப் பெஞ்சு, பிளாஸ்டிக் ஜக்கில் நுரை தள்ளிய வெள்ளை, தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலாகக் காட்டுப்பன்றிப் பிரட்டல். பாளையிலிருந்து சொட்ட ஆரம்பித்ததுமே புளிக்கத் தொடங்கிவிடுமாம், காலையில் இனிப்பு, சாயங்காலம் கடுப்பு. நான் குடித்தது சாயங்காலத்துக் கள். இரண்டு குவளைக்கு மேல் என் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, மீதியை விவரிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுடைய அம்மாவிடம் இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடியுமுன் எழுந்து, ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாக மரம் மரமாகச் சீவி, காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கப் பால் சுமந்து வந்த தோள். "தோட்டத்துலயே கள்ளுக்கடைய தொறந்து வச்சான் வெள்ளைக்காரன். காலைல குடுத்த சம்பளத்த சாயங்காலம் திரும்ப வாங்கிக்கிட்டான்" என்றார். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளைக்காரன் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதோடு, கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று என்று பிறகு படித்தேன். திட்டி முடித்ததும் மோர் கரைத்துக் கொடுத்தார்.

நான்காம் ராத்திரிதான் ராத்திரி. அண்ணன் பிறந்த தோட்டத்தில் முனீஸ்வரர் கோயில் திருவிழா. தோட்டம் என்று சொன்னாலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இல்லை, கித்தா என்கிற ரப்பர் மரங்களும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். கோயில் மட்டும் மிச்சம். போகும் வழியில் அந்த அம்மா கார்க் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டி, "இந்தப் பக்கமெல்லாம் பொழுது சாஞ்சா நடமாடக் கூடாது, சுட்ருவான்" என்றார். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அதை ஒட்டித்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. அவருடைய சிறு வயது முழுக்க ஊரடங்குதான்.

அந்த இருட்டுக்குள் திடீரென்று டியூப் லைட், நூற்றுக்கணக்கான கார், மோட்டார். ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறிப்போன தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முனீஸ்வரருக்குச் சுருட்டு, பீர். என் வயதுப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே மாதிரி டீ சட்டையில் உறுமி மேளம் அடித்தார்கள். வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது ஒரு முனகல் வரும், கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ புரளும். நாம் ஊரில் சாவுக்கும் சாமிக்கும் காசு கொடுத்துக் கூப்பிடுகிற மேளத்தை இங்கே ஐடி படிக்கிற பையன்கள் குழு சேர்த்து, பெயர் வைத்து, போட்டி போட்டு அடிக்கிறார்கள். ஒருவன் உறுமியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டான். நான் அடித்ததற்கு யாருக்கும் சாமி வரவில்லை.

அன்னதானம் முடிய மணி பன்னிரண்டரை. உண்டியலைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது, இங்கே எவன் தடுப்பான்? அதே ஐம்பது வெள்ளியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் அண்ணன் நின்றுகொண்டு ரசீது எழுதிக்கொண்டிருந்தார், என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி. நட்சத்திரம் எப்படித் தெரியும் என்றால் அக்கா என் அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

வருகிற பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார். கொள்ளுத்தாத்தாவின் ஊர்ப் பெயர் எழுதிய பழைய காகிதம் ஒன்று இருக்கிறது, பாதி அழிந்துவிட்டது, தேடிப் பார்க்க வேண்டும். மொத்தச் செலவும் என்னுடையது என்று எழுதி வாங்காத குறையாக முடிவு செய்தாயிற்று. நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார், "தம்பி, ஒங்க தோப்புல கள்ளு கெடைக்குமா லா?"

இன்னும் பதில் போடவில்லை.